நீக்கப்பட்ட படமும் பெரிய பானையும்

அன்புள்ள மிண்டா அக்கா,

மணிலாவில் அந்தக் கொரோனாக் காய்ச்சல் உன் அறைப் பக்கம் வராமல் மாதா காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. இது அம்மா சொன்னது. ஆனால் இந்த மாதக் கடிதத்தை எழுதுவது நான், ஐரீன். ஞாயிற்றுக்கிழமை சோப்புப் பெட்டியில் அம்மாவின் மோதிரம் கிடந்ததைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம்தான் முழங்கை வரை வெந்துபோய் வீங்கியிருந்த வலது கையைப் பார்த்தேன். உப்பும் எலுமிச்சைப் புல்லும் போட்டு ஆவி பிடித்தால் கிருமி கருகிவிடும் என்று கடைக்கார பெர்டோ மாமா முகநூலில் போட்டிருந்தார். நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், திருவிழாச் சோறு வடிக்கிற நம் பெரிய பானையோடு அம்மா போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். இருட்டில் பானை சாய்ந்துவிட்டது.

நான் வாய் திறந்து அதிகம் பேசுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அதனால் அந்தக் கையைப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். மாமா எழுதியதை முதல் வரியில் அப்படியே போட்டு, அதன் கீழே இது பொய், என் அம்மா கையைப் பாருங்கள் என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள், தவறான மருத்துவத் தகவலாம். என் கணக்கையும் முப்பது நாளைக்கு முடக்கிவிட்டார்கள். மாமாவின் பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது, பதினோராயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து நீக்குகிற வேலையில்தானே அக்கா நீ இருக்கிறாய்? போன மாதம் போனில், "பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்கடி, இப்ப மெஷின்தான் பாக்குது, அதுக்கு நம்ம செபுவானோ பாஷ எங்க புரியும்" என்றாய். புரியாது என்றால் என்னுடையதை மட்டும் எப்படி எடுத்தது? எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே கடைசி வரி வரை படிக்கத் தெரிகிறது. மறுபடி பாருங்கள் என்று நான்கு முறை கேட்டுவிட்டேன், ஆட்கள் குறைவு, நன்றி என்றே பதில் வருகிறது. "அவளத் திட்டாத, அவ என்ன பண்ணுவா, வேல போயிடும்" என்கிறாள் அம்மா. திட்டவில்லை, ஆனால் கோபம் அடங்கவில்லை.

இன்று காலை பக்கத்து வீட்டு லுர்தா அக்கா அந்தப் பானையை இரவல் கேட்டு வந்தாள். அவள் பிள்ளை நிங்நிங்குக்கு இரண்டு நாளாக இருமல், நாலு வயசுக் குழந்தை அக்கா. ஊரடங்கில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் வருவதில்லை, அம்மாவின் கையை அவள் பார்க்கவில்லை. வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னேன். "உன் பதிவத்தான் பொய்னு தூக்கிட்டாங்களாமே! பெர்டோ அண்ணன் சொன்னது பொய்யா இருந்தா அதையும் தூக்கியிருப்பாங்கல்ல?" என்றாள். பானையைக் கொடுத்துவிட்டேன். "வாயத் தொறந்தா நாக்கு தேஞ்சிடுமா? புள்ளைய வேக வெக்கப் பான குடுத்துட்டு வந்து நிக்கறியேடி" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்காதே. உன் மேலாளரிடம் ஒரு தடவையாவது சொல்லிப் பார். கீழே கோணலாக இருப்பது அம்மா இடது கையால் போட்ட கையெழுத்து.

நெனிதா

உறையை ஒட்டும்போது லுர்தா அக்கா வீட்டிலிருந்து எலுமிச்சைப் புல் வாசனை வந்தது. அம்மாவை இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். கதவைத் தட்டி, அவள் திறந்ததும், அம்மாவின் வலது கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன்.