ஒரு சொட்டும் கூடாதாம்

சேசு மரி சூசை

கொழும்பு,
4.5.1953

அன்புள்ள தங்கச்சி மக்டலினுக்கு,

அக்கா ஆசையோடு எழுதுவது. நீயும் அம்மா அப்பாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

பல் டொக்டர் என் பல்லுக்குப் போட்ட கம்பியைத் திரும்பவும் இறுக்கிவிட்டார். மூன்று நாளாகக் கஞ்சிதான். கம்பி குத்திக் கன்னத்தின் உள்பக்கம் புண். வலியைக்கூடத் தாங்கலாம், நாற்றத்தைத் தாங்க முடியவில்லை. சாப்பிட்டதெல்லாம் கம்பிக்குள் சிக்கி, காலையில் என் வாய் எனக்கே அருவருப்பு. ஞாயிறு பூசை முடிய ஹெக்டர் கோயில் வாசலில் நின்று என்னோடு கதைப்பார். அப்பா எங்கள் கலியாணத்தைப் பேசிவைத்ததிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை.

பூசையில் நற்கருணை வாங்குவதால் முதல்நாள் நடுச்சாமத்திலிருந்து நான் வாயில் தண்ணீர் படவிடுவதில்லை. கொப்பளித்தால் கம்பிக்குள் நிற்கும் தண்ணீர் உள்ளே போய் உபவாசம் முறிந்துவிடுமே. இப்போது தண்ணீர் பரவாயில்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்கிறாள். இங்கே பிரசங்கம் இங்கிலீசில், எனக்குப் பாதி விளங்காது. நம் சுவாமியாரிடம் கேட்டு உடனே எழுது.

உன் அக்கா,
பீற்றிஸ்


கல்குடா,
9.5.1953

அன்பான அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் சுகம்.

வலிக்கிறது என்கிறாய். அந்த வலியை எனக்குத் தந்திருந்தால் சந்தோஷமாகப் பட்டிருப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் துருத்திய முன்பல். கம்பி போடச் சித்தப்பா உன்னை மட்டும் கொழும்புக்குக் கூட்டிப்போனார், நீ மூத்தவளாம். நான் சிரித்தால் அம்மா, "வாய மூடிச் சிரி புள்ள" என்கிறா. ஹெக்டர் இங்கே படிப்பித்த காலத்தில் என்னோடுதான் அதிகம் கதைப்பார். உனக்கு மறந்திருக்கும்.

நோவுக்குக் கராம்பு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொள். படுக்குமுன் உப்புத் தண்ணீரால் கொப்பளி. சுவாமியாரிடம் கேட்டேன். நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டும் கூடாதாம்.

தங்கை,
மக்டலின்


கொழும்பு,
2.6.1953

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ எழுதியபடியே செய்தேன். அந்த ஞாயிறு ஹெக்டர் கதைத்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனார். பிறகு சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கை மூடினார். அதற்குப் பின் இரண்டு ஞாயிறு வரவேயில்லை. கலியாணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொன்னாராம். எனக்குச் சோறும் இல்லை, நித்திரையும் இல்லை.

நேற்றுத் தமிழ் தெரிந்த ஒரு பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், எல்லாம் சொல்லி அழுதுவிட்டேன். "தண்ணி உபவாசத்த முறிக்காது எண்டு தையிலயே மாத்தியாச்சே மகள்" என்றார். நம் சுவாமியாருக்கு இது தெரியாதா?

பீற்றிஸ்


கல்குடா,
7.6.1953

அக்கா,

சுவாமியாருக்குத் தெரியும். மாசி மாதமே அந்தப் புது அறிவித்தலைப் பூசையில் வாசித்தார். நான் முன்வரிசையில் இருந்தேன். நீ கேட்கச் சொன்னதை நான் அவரிடம் கேட்கவேயில்லை.

ஒரு ஞாயிறும் தவறவில்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பல்லும் உனக்கு, அவரும் உனக்கா என்று நினைத்தேன். நாறட்டும் என்றே எழுதினேன்.

ஹெக்டருக்கும் எழுதிவிட்டேன். உன் கம்பி, உன் புண், என் பொய் எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு கடிதமும் ஒரே தபாலில் வருகின்றன. அவர் நல்லவர், கட்டாயம் வருவார். அதை எழுதும்போதும் எனக்குப் பொறாமைதான் அக்கா, அது போகவில்லை.

மன்னிப்பாயோ தெரியாது. கூப்பிட்டால் கலியாணத்துக்கு வருவேன். உனக்குச் சேலை உடுத்திவிடுவதும் நான்தான். படம் பிடிக்கும்போது மட்டும் என்னை உன் பக்கத்தில் நிற்கச் சொல்லாதே.

மக்டலின்