அச்சு வாசலுக்குக் கரகம் வந்தது

தலவாக்கலை,
வைகாசிக் கடைசி.

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மன் காவல் நிற்கட்டும். இங்கே நான் சுகம், அப்பா சுகம், மழையும் நல்ல சுகம், சித்திரையில் வந்தது இன்னும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் போன் வந்தால் அப்பா பாதியில் பிடுங்கி அங்க குளிரு எப்படி என்று நாலு தரம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. கீழ் வீட்டு வினோதா லீவு முடிந்து உங்கள் ஊருக்கே திரும்புகிறாள், அவள் பெட்டியில் ஒரு பார்சல் வருகிறது, அதோடு இந்தக் கடிதமும் வருகிறது. புது வாசல் நடுவுல அப்பாவை நிக்க வச்சுப் படம் அனுப்புங்கம்மா என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் வாசலை மட்டும் அனுப்பினேன், அப்பா எங்கே என்றால் கடைக்குப் போயிருக்கிறார் என்றேன். அவர் எந்தக் கடைக்கும் போகவில்லை. என் பின்னால் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் நின்றார் என்பதுதான் இந்தக் கடிதம்.

நீ கனடாவில் குடியிருக்கும் வன்கூவர் வீட்டு வாசலைப் படம் பிடித்து அனுப்பி, இங்கயும் மழைதாம்மா, காங்கிரீட்டுல அச்சு வச்ச வாசல்தான் எல்லாரு வீட்டுலயும், நம்ம வீட்டுக்கும் போடுங்க என்றாய். சொன்னது தப்பில்லை. பழைய செம்மண் வாசலில் மழை விழுந்தால் அப்பாவின் ஆட்டோ கேட்டைத் தாண்டி ஏறாது, இரண்டு பேர் பின்னால் தள்ள வேண்டும், தள்ளியவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும். அதனால் அப்பா கினிகத்தேனைக்குப் போய்க் கொத்து வேலைக்கு ஒரு மேசன் பாஸைப் பிடித்து வந்தார், மழைக்குப் பேர்போன ஊர்க்காரர், நம் மழையைக் கண்டு பயப்பட மாட்டார் என்று. அவரும் பயப்படவில்லை. வீட்டிலிருந்து கேட் பக்கம் சரிகிற மாதிரி நல்ல வாட்டம் கொடுத்தார், இப்போது எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் படியில் நிற்காமல் நேரே ரோட்டோரக் கானுக்கு ஓடுகிறது, அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தார்ப்பாய் கட்டி அதன் கீழே காங்கிரீட் கொட்டி, அது இறுகுவதற்கு முன்னால் ரப்பர் அச்சுகளைப் பரப்பி மேலே ஏறி மிதித்தார்கள். அச்சை எடுத்தால் கருங்கல்லை வரிசையாக அடுக்கினது போல் இருந்தது. பாஸ் தள்ளி நின்று பார்த்து லஸ்ஸனய் என்றார், அழகாம். அழகுதான். அதோடு விட்டிருக்கலாம்.

மேலே ஒரு பூச்சு பூச வேண்டும், இல்லாவிட்டால் அச்சுப் பள்ளங்களில் பாசி பிடிக்கும் என்று பாஸ் சொன்னதால் அப்பா இஸ்ஸதீன் முதலாளியின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனார். முதலாளி, ரெண்டு வகை ஈக்கிது, மினுங்குறது ஒண்ணு மினுங்காதது ஒண்ணு, மழ ஊருக்கு மினுங்காததுதான் நல்லம், அதுலயும் சொரசொரப்பு மாவு ஒண்ணு கலக்கணும், அதையும் எடுத்துட்டுப் போங்க என்றிருக்கிறார். அப்பா போனை எடுத்து உன் வாசல் படத்தைக் காட்டி, மகள் வீட்டுது எப்படி மினுங்குது பாருங்க, எங்களுக்கு இப்படித்தான் வேணும் என்று மினுங்குவதையே வாங்கினார். மாவு கலந்தால் மினுக்கு மங்கிவிடும் என்று மாவை வேண்டாம் என்றார். மெல்லிசாகப் பூசினால் போதும் என்று பாஸ் சொல்லிவிட்டுப் போனார். டின்னில் மிச்சம் இருந்தது, மிச்சத்தைக் கண்டால் உன் அப்பாவால் சும்மா இருக்க முடியாது என்பது உனக்குத் தெரியும், இன்னொரு தடவை பூசினார். வாசல் கண்ணாடி ஆகிவிட்டது. குனிந்தால் என் தாலி தெரிந்தது.

மறுநாள் மழையில் முதலில் விழுந்தது மேல் வீட்டுக் காளியாயி அக்கா. ரொட்டியும் சம்பலும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வாசல் பார்க்க வந்தாள், கேட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தாள், அடுத்த அடிக்குள் உட்கார்ந்துவிட்டாள். தட்டு மட்டும் கையில் அப்படியே இருந்தது. தூக்கப் போன அப்பா அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அக்கா தரையைத் தடவிப் பார்த்து, தரையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நாந்தான் உக்காந்துட்டேன் என்றாள். தங்கமான மனுஷி. அன்றிலிருந்து அப்பா முன்வாசலில் கால் வைக்கவில்லை. மலை மலையாகத் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிய மனுஷன், பின்பக்கமாக இறங்கிக் கோழிக்கூட்டைச் சுற்றி ரோட்டுக்குப் போய் வந்தார். கேட்டால் கோழியைப் பார்க்கப் போனேன் என்பார். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு கோழி.

இது சிரிக்கிற காரியமாக இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன் சுதா. போன வருஷம் உனக்குத் தங்காமல் போனபோது நீ போனில் அழுதாய், நான் தைரியம் சொன்னேன். போனை வைத்த பிறகு நான் அழுத அழுகை அப்பாவுக்குத்தான் தெரியும். அடுத்த நாள் அம்மன் கோயிலில் போய் நின்று, அடுத்தது தங்கட்டும் தாயே, திருவிழாவுக்கு ஆற்றில் கரகம் சோடித்துப் பாலித்து வரும்போது உன்னை என் வாசப்படியில் நிறுத்தி, மஞ்சள் தண்ணியில் கரகக்காரர் காலைக் கழுவித் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வாசப்படியில் என்று சொன்னேன், ரோட்டில் என்று சொல்லவில்லை. உனக்கும் இப்போது ஐந்து மாதம். கோயில் கமிட்டி ஜீவராஜ் திருவிழா வேலையாக வந்தவர் காளியாயி அக்கா கதையைக் கேட்டுவிட்டு நம் வாசலைப் பார்த்தார், ரோட்டில் நின்றுதான் பார்த்தார். அக்கா, கரகம் தூக்குன ஆளு எங்கயாச்சும் வழுக்கி விழுந்தா தோட்டத்துக்கே ஆகாதுங்க, ஒங்க வீட்டுக்கு ரோட்டுலயே நிப்பாட்டுறோம், நீங்க வந்து கழுவிக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை. கரகம் தூக்குவது வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி, உன் அழகன் மாமாதான். அவனிடம் கேட்டேன். நான் வர்றேன்க்கா, கால் வைக்க எடம் மட்டும் குடு என்றான். 

அதன் பிறகு நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. சாம்பல் போட்டோம், மழையில் கரைந்து இன்னும் மோசமானது. சாக்கு விரித்தோம், சாக்கே வழுக்கிக்கொண்டு கானுக்குப் போனது. அப்பா பூச்சைக் கழுவுகிறேன் என்று சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தார், அதைப்பற்றி நான் எழுத விரும்பவில்லை, இடுப்புக்கு எண்ணெய் தேய்க்கிறோம். பாஸுக்குப் போன் போட்டால், பூச்சை உரிக்க மருந்து இருக்கிறதாம், ஆனால் தரை நாள்கணக்கில் நன்றாகக் காய வேண்டுமாம். முதலாளியைக் கேட்டால் மேலேயே மாவு கலந்து பூசலாமாம், அதற்கும் காய வேண்டுமாம். வெயிலில் காய வேண்டுமாம். தலவாக்கலையில், வைகாசியில். உடைத்துப் போடலாம் என்று அழகன் சொன்னான், நீ ஆசைப்பட்டுச் செய்ததை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று சம்பலுக்கு மிளகாய் அரைக்க உட்கார்ந்தேன், அம்மி வழுவழுத்துக் கிடந்தது, குழவி சறுக்கியது, மிளகாய் அரைபடவில்லை. எரிச்சலில் உளியையும் சுத்தியலையும் எடுத்து அம்மியைக் கொத்தத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினேன். அம்மி வழுக்கினால் கொத்துகிறோம். வாசல் வழுக்கினால் ஏன் கொத்தக் கூடாது?

அப்பா, ஒனக்கு என்னா பைத்தியமா என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு வாசப்படியில் சாக்குப் போட்டு உட்கார்ந்து கேட் பக்கமாகக் கொத்த ஆரம்பித்தேன். முழு வாசலையும் இல்லை, அழகன் இரண்டு காலும் வைக்கிற அகலத்துக்கு ஒரு பாதை. பூச்சும் போய், அச்சுக் கல்லும் பொத்துப் பொத்தாகி, தொட்டால் புதுசாகக் கொத்திய அம்மி மாதிரியே சொரசொரத்தது. அப்பா கொஞ்ச நேரம் குடை பிடித்தார், பிறகு குடையை என்னிடம் கொடுத்துவிட்டு உளியை வாங்கிக்கொண்டார், சில்லு கண்ணில் தெறிக்காமல் இருக்கத் தன் கல்யாணத்துக் கூலிங்கிளாசைப் போட்டுக்கொண்டார். மழையில் குடைக்கடியில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வாசல் கொத்தும் மனுஷனைப் பார்க்க லயத்து வீடுகளிலிருந்து ஆள் வந்தது. காளியாயி அக்காவும் தன் வீட்டு உளியோடு வந்தாள், வந்து உட்கார்ந்தாள், இந்தத் தடவை தானாகவே உட்கார்ந்தாள். திருவிழாவுக்குக் கொடி ஏறிய பிறகும் கொத்திக்கொண்டுதான் இருந்தோம். ஜீவராஜ் வந்து முதலில் செருப்போடு நடந்து பார்த்தார், பிறகு செருப்பைக் கழற்றி நடந்தார், பிறகு வாளித் தண்ணியை ஊற்றி நடந்தார். சரிங்க அக்கா என்று மட்டும் சொன்னார்.

கரகம் வந்த அன்றும் கொட்டோ கொட்டு என்று கொட்டியது. தப்பு மேளச் சத்தம் நம் கேட்டுக்கு வந்ததும் மெதுவானது, அழகன் திரும்பினான். தலையில் கரகம், கையால் பிடிக்காமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கொத்தின பாதையில் காலை அழுத்தி அழுத்தி வைத்து வந்தான்.  நடுவில் ஒரு இடத்தில் குதிகால் பாதையை விட்டு மினுக்குப் பக்கம் போனது, அவன் காலை இழுத்துப் பாதைக்குள் வைத்துக்கொண்டான். படிக்கு வந்து நின்றுவிட்டான். என் தம்பி கால்தான், சின்ன வயதில் எத்தனையோ தரம் கழுவிவிட்ட கால்தான், அன்றைக்கு அம்மன் காலாக நினைத்துக் கழுவினேன். தாயே, என் பிள்ளை பிள்ளையைப் பெற்றெடுக்கட்டும் என்று வாய்விட்டே அழுதேன், ஊரே பார்த்தது, பார்க்கட்டும், தேங்காயையும் உடைத்தேன். கழுவிய மஞ்சள் தண்ணீர் அந்த வாட்டத்தில் பாதையோடு கேட் பக்கம் ஓடியது, ஓட ஓடச் சிவந்தது. மினுக்கில் விழுந்தது மஞ்சளாகவே வழிந்து போய்விட்டது, கொத்தின இடத்தில் மட்டும் ஆலாத்தித் தண்ணி மாதிரி சிவப்பு. காளியாயி அக்கா போட்ட குலவை ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். அப்பா என் காதுக்குள், சிமெந்துல சுண்ணாம்பு இருக்கு, மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கத்தான் செய்யும், இதுல என்னா இருக்கு என்றார். ஆலாத்திய மட்டும் வேற எதுல கரைக்கிறாங்க என்று கேட்டேன்.  எல்லோரும் போன பிறகு அப்பா குனிந்து அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சிவப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அப்பா இப்போது முன்வாசலில்தான் போய் வருகிறார். கோழியை யாரும் பார்ப்பதில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நாளைக்கு நீங்கள் சொந்த வீடு வாங்கி வாசல் போட்டால் மினுங்காத பூச்சாகப் பார், சொரசொரப்பு மாவை விடாதே, வாட்டத்தைப் பார், மாப்பிள்ளையை டின்னில் மிச்சம் வைக்கச் சொல். அது பிறகு. இப்போதைய கவலை வேறு. அப்பா கடையில் காட்டினாரே உன் வாசல் படம், அதை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன், நம் வாசலை விட மினுங்குகிறது. அதில்தான் நீ வயிற்றுப் பிள்ளையோடு மழையில் பஸ்ஸுக்குப் போகிறாயா? வீட்டுச் சொந்தக்காரியிடம் நல்லபடியாகச் சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் சொரசொரப்பாக ஏதாவது விரித்து அதன் மேல் நட, மாப்பிள்ளை கையைப் பிடிக்காமல் படி இறங்காதே, உயரச் செருப்பை எடுத்து உள்ளே வை. பார்சலில் அம்மன் திருநீறும் மஞ்சள் காப்பு நூலும் இருக்கிறது, நூலை இடது கையில் மாப்பிள்ளை கட்டிவிடட்டும். அன்னாசியும் பப்பாசியும் இப்போது வேண்டாம். பழைய துணியில் கனமாகச் சுற்றியிருப்பது உளி. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், நம் படிக்கும் கேட்டுக்கும் இடையில் எவ்வளவு கொத்தினோமோ அவ்வளவு போதும். மாப்பிள்ளையைக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்.

நீ கேட்ட படமும் இதோடு வருகிறது, அப்பா நடுவில்தான் நிற்கிறார். அம்மன் உன் கூடவே நடப்பாள், நீயும் பார்த்து நட. நல்ல சுகத்தோடு பெற்றுப் பிழைத்து நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அம்மா
நாகலெட்சுமி

உளி பத்திரம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது மறக்காமல் அதையும் கொண்டு வா, அம்மி பாதிதான் கொத்தியிருக்கிறது.