எல்லை தாண்டிய மிளகாய்த்தூள்

அன்புக்குரிய உமக்கு,

போருக்குத் தப்பி ஓடிய நாங்கள் மட்டும்தான் இடம்பெயர்வோம் என்று நினைத்திருந்தேன். பிரெக்ஸிட் வந்ததும் உம்முடைய வங்கியும் லண்டனிலிருந்து இடம்பெயர்ந்து, உம்மையும் பிராங்க்பேர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நான் வறுத்து அரைத்து அனுப்பிய மிளகாய்த்தூள் இன்னும் சுங்கத்தில் நிற்கிறது. யாருக்கு, எதற்கு என்று கேட்டிருந்தார்கள். 'மனைவிக்கு' என்று எழுதினேன். அது போதாதாம்.

அதற்குள் உம்மோடு வேலைசெய்யும் கணேஸ்வரன் பாரிஸிலிருந்து தூள் வாங்கி வந்தாராம். "இஞ்சேருங்கோ, எல்லையில ஒருத்தரும் மறிக்கேல்லையாம். நல்ல வாசம்" என்று நேற்று போனில் சொன்னீர். ஐரோப்பியப் பொதுச் சந்தையின் பயன்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். வாசத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை.

ஜெர்மன் பாஸ்போட் உள்ளவர், மனைவி இல்லாதவர், சமைக்கவும் தெரிந்தவர். பொருட்களும் ஆட்களும் தடையின்றி நடமாடுவது நல்ல கொள்கைதான். அதை அவர் உம்முடைய குசினியிலும் நடைமுறைப்படுத்த வேண்டுமா?

உம்முடைய வேலை ஒப்பந்தம் முடிந்ததும் லண்டன் திரும்புவீரா என்று கேட்டேன். "யோசிப்பம்" என்றீர்.

வெள்ளிக்கிழமை வாறன். விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்று வெளியே வர நேரமாகும். கணேஸ்வரனிடம் கார் இருக்கிறது என்று அவரைக் கூட்டி வரவேண்டாம். நீர் தனியாக வந்து நில்லும்.

இப்போதைக்கு
உம்முடைய கணவன்