கானுக்குள் இறங்கியவன்

நேற்று மழை விட்டதும் கடைவீதியில் சாக்கடைக் கானின் மூடியைத் திறந்தார்கள். நாற்றம் குப்பென்று கிளம்ப, போனவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் நின்றேன். கோபித்துக்கொள்ளாதே, உன் நினைப்பு வருவதற்கு எனக்கு ஊதுபத்தி வேண்டியதில்லை.

எத்தனை வருடம் நீ கீழே, நான் மேலே கயிறோடு! மூடியைத் திறந்துவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை நீ இறங்கவே மாட்டாய். ஓவர்சியர் கத்துவார். "மொதல்ல உள்ள இருக்குற காத்து வெளிய வரட்டும் ஐயா, அப்புறம் நான் உள்ள போறேன்" என்பாய். டோர்ச் அடித்துப் பார்ப்பாய். கரப்பான் ஓடினால் இறங்குவாய். மல்லாந்து கிடந்தால் யார் சொன்னாலும் இறங்கமாட்டாய். நீ உள்ளே போனபின் எனக்கு ஒரே வேலைதான். "இருக்கியாடா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். "இருக்கேன்டா!" என்று சத்தம் வரும்வரை என் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஊருக்கு நீ கான்காரன். கல்யாணத் தரகர் அதைச் சொன்னால் பெண் கிடையாது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் உன் பிள்ளைகளுக்கு அது வசவு. புடவைக்கடை முதலாளியின் கடைக்குள் தண்ணீர் ஏறிய அன்று, அவர் இடுப்புச் சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "கான்காரரே, கொஞ்சம் வாங்க, கட முங்குது!" நீ சிரித்தாய். "பாருடா, மழ பேஞ்சா எனக்கு மரியாத வருது."

நீ போய் வருடம் ஒன்று ஆகப்போகிறது. நினைவஞ்சலிப் பதாகைக்கு உன் மகன் எழுதிக் கொண்டுவந்தான். உன் பெயருக்குக் கீழே, 'மாநகரசபை உத்தியோகத்தர்'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கப்பன் எந்த மேசையிலடா ஒக்காந்தான்?"

"கத்தாதீங்க மாமா. ஞாயித்துக்கெழம தங்கச்சியப் பொண்ணு பாக்க கம்பளையில இருந்து வர்றாங்க. உங்களுக்கென்ன, கஷ்டம் அவளுக்குத்தானே."

அவன் சொன்னதும் பொய்யில்லையே.

குசினிக்குள் இருந்து உன் மகள் வந்தாள். ஈரக்கையைத் துடைத்துவிட்டு அண்ணனின் பேனையைப் பிடுங்கி, அந்த வரியை வெட்டினாள். மேலே எழுதினாள்: 'கண்டி நகரத்துக் கான்களுக்குள் இறங்கி வேலை செய்தவர்.'

"வர்றவங்க இத வாசிச்சிட்டு உள்ள வரட்டும். வாசிச்சிட்டுத் திரும்பிப் போறவங்க போகட்டும். அப்பா கழுவுன தெருவுலதானே நடந்து வரப்போறாங்க?"

அவன் அந்தத் தாளை அப்படியே அச்சுக்குக் கொண்டுபோனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் கூட்டத்தில் உன்னைவிடத் தைரியசாலி இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், மடையன்.

இன்று காலை அந்தப் பதாகையை, உன் வீட்டுக்குப் போகும் வழியான கடைவீதியில், நேற்றுத் திறந்த அந்த மூடிக்கு நேரே கட்டினேன். பதாகை அடித்த கடைக்காரன் கொடுத்த நூல் எதற்கு? நம்முடைய கயிறு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கட்டி முடித்து, பழக்கதோஷத்தில் ஒருமுறை கூப்பிட்டும் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஞாயிறு கம்பளைக்காரர்கள் வருவார்களோ, திரும்பிப் போவார்களோ தெரியாது. ஆனால் நான் போட்ட முடிச்சு உனக்குத் தெரியும். எவனாவது அவிழ்க்க வரட்டும், பார்க்கிறேன்.