பால்கனிப் படியில் பாதியில் உட்கார்ந்த அம்மாவுக்கு

என் விசில்கார அம்மா,

நம்மாளு படம் வந்துவிட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் முதலில் சொல்வேன்? ட்ரெய்லர் வந்த அன்றே உன் நம்பர் வரைக்கும் விரல் போய்விட்டது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போனை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நம் ரசிகர் பக்கத்தில்தான் போடுகிறேன். இங்கே எல்லோருக்கும் உன்னைத் தெரியும். பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த வீடியோ தெரியும். ஆரணி தியேட்டர் பால்கனியில் நின்றுகொண்டு, நூல் பிடித்துக் காய்த்துப்போன இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து நீ அடித்த விசில். கீழே இருந்த பையன்கள் படத்தை விட்டுவிட்டு மேலே திரும்பிப் பார்த்தார்கள். தெள்ளாரிலிருந்து ஒருவன், "எங்க அம்மா என்னை படத்துக்கே விடமாட்டாங்க" என்று கமெண்ட் போட்டிருந்தான். நீ என்னைப் பதில் எழுதச் சொன்னாய்: "கூடவே இஸ்துகினு வா." யாரிடமும் படிக்காமல், யூடியூப் பார்த்து நான் எடிட்டிங் கற்றுக்கொண்டதே அந்த வீடியோவுக்காகத்தான்.

ஆனால் இன்றைக்கு நான் எழுதுவது படத்தைப் பற்றி இல்லை அம்மா. உன் தொடையைப் பற்றி. சிரிக்காதே.

போன படத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? காலை முதல் காட்சி. பால்கனிக்குப் போகும் படியில் பாதி ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு அப்படியே உட்கார்ந்து, இரண்டு தொடையையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாய்.

"நீ போ பாப்பு. என்ட்ரி போயிடும்."

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. தறி வலி. கொஞ்ச நேரம் உக்காந்தா போயிடும்."

நான் போகவில்லை. உன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நம்மாளு வந்துவிட்டார். ஒரே கத்தல். திரையைப் பார்க்காமலேயே நீ விரலை மடித்தாய். படிக்கட்டில் அந்த விசில் மேலேயும் கீழேயும் மோதித் திரும்பி வந்தது. டிக்கெட் கிழிக்கிற அண்ணன் கீழே இருந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, படம் உள்ள ஓடுது."

"தெரியும்பா. இங்கயும் கேக்குது."

தறி வலி. நம் தெருவில் அந்த வார்த்தையைத் தாண்டி யாரும் யோசித்ததில்லை. குழித்தறியில் தரையோடு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு, பொழுது சாயும்வரை இரண்டு காலாலும் மிதிகட்டையை மிதிக்கிறவர்களுக்குக் கால் வலிக்கவில்லை என்றால்தான் செய்தி. மருத்துவ முகாமில் ரத்தம் பார்த்து, கொழுப்பு அதிகம் என்று உனக்கு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மறக்காமல் போட்டுக்கொண்டாய். கொஞ்ச நாளில் தொடை வலி வந்தது. இரண்டையும் யார் சேர்த்துப் பார்ப்பார்கள்?

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தது. "குழியில காலை வுட்டா தொடை பேசத்தான் செய்யும். எனக்குப் பேசலியா?" என்றது. நீயும் சிரித்தாய். கை ஊன்றாமல் தறியிலிருந்து எழுகிறவள், தூணைப் பிடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தாய். கை தூக்கித் தலை வாரமுடியவில்லை என்று சீப்பை என்னிடம் கொடுத்தாய். காலால் மிதிக்கிறாய், தோள் எதற்கு வலிக்கிறது என்று கேட்டேன். "தறியில நாடா ஓட கவுத்த யாரு இழுக்கறா, நீயா?" என்றாய். சரியாகத்தான் இருந்தது. உன் உடம்பிலிருந்த ஒவ்வொரு வலிக்கும் தறியில் ஒரு பதில் இருந்தது.

உன்னைக் கொண்டுபோன அந்த மழைக்காலத்துக் காய்ச்சலைப் பற்றி நான் எழுதமாட்டேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி அப்பா கதை. நீ போன பிறகு அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போன குட்டியானை வண்டியை ரோட்டு ஓரத்தில் நிறுத்தி, எனக்குப் போன் போட்டு, "பாப்பு, ஜல்தி வா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வேலூரில் சேர்த்தோம். அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒன்றை எனக்கு அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் மாத்திரை.

சில மாதத்தில் அப்பாவும் எழுந்திருக்கச் சுவரைத் தேடினார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தரையிலிருந்து எழ முடியாமல் நாற்காலிக் காலைப் பிடித்தார். நாற்காலி நகர்ந்தது. அவர் நகரவில்லை.

"கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இப்படி ஆயிடுச்சு" என்றார்.

"கிளட்ச் இடது காலுப்பா. வலது காலு இன்னாத்துக்கு வலிக்குது?"

"பிரேக்க உங்க மாமனா வந்து மிதிப்பான்?"

"தோளு?"

"ஸ்டீரிங்கு."

"வண்டி இன்ஜின் வேலைக்கு ஷெட்ல நிக்குதுப்பா. வாரம் பூரா வீட்லதான் குந்திகினு இருக்க. நீ எதையும் மிதிக்கல."

சொல்லி முடித்த அந்த நொடியில் தியேட்டர் படிக்கட்டு கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அந்த வாரம் உன் தறியும் சும்மாதானே கிடந்தது அம்மா? நெய்த புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டாய். அடுத்த புடவைக்குப் பாவு நூல் இன்னும் வரவில்லை. அதனால்தானே காலைக் காட்சிக்கே கிளம்பி வந்தாய்? நீயும் எதையும் மிதிக்கவில்லை. அப்போதும் வலித்தது.

அப்பா உன் தறிக்குழிப் பக்கம் பார்த்தார். "அவளும் இதே மாத்திரைதானே" என்றார்.

நான் போனை எடுத்துத் தேடினேன். கொலஸ்ட்ரால் மாத்திரை சிலருக்குத் தசை வலி கொடுக்கும் என்று இருந்தது. அதற்குக் கீழேயே ஒருவர் உடனே நிறுத்து என்கிறார். ஒருவர் பூண்டு தின்னு என்கிறார். இன்னொருவர் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்கிறார். நடிகர் பற்றிய வதந்தி என்றால் எது பொய் என்று எனக்கு மூக்கிலேயே வாசனை தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை.

அப்பா அதற்குள் முடிவு எடுத்துவிட்டார். "அப்போ இதுதான் அவள உள்ளுக்குள்ள அரிச்சுது. காய்ச்சல தாங்க அவ ஒடம்புல இன்னா மிச்சம் இருந்துது?" மாத்திரை அட்டையைத் தூக்கி பிரிட்ஜ் மேலே போட்டார்.

"அப்பா, ஸ்டென்ட் வெச்ச நெஞ்சு. நீயா நிறுத்தாத. டாக்டர்கிட்ட போய் சொல்லலாம்."

"இன்னான்னு சொல்றது? நெஞ்சு டாக்டருகிட்ட போய் தொடை வலிக்குதுன்னா? ஊர்ல யாருக்குத்தான் கால் வலிக்கல? பேஜார் பண்ணாத."

தினமும் கேட்டேன். அழுதும் பார்த்தேன். அட்டையை எடுத்துச் சோற்றுத் தட்டுப் பக்கத்தில் வைப்பேன், சாப்பிட்டு முடித்ததும் அது மறுபடி பிரிட்ஜ் மேலே போயிருக்கும். அவர் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பேன். போன் அடித்தாலே பயம். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? எனக்கு மிச்சம் இருக்கிறது அவர் ஒருத்தர்தான் அம்மா.

அப்போதுதான் படம் வந்தது. பழக்கத்தில் இரண்டு டிக்கெட் புக் செய்துவிட்டேன். பணம் போன பிறகுதான் ஸ்கிரீனில் இரண்டு சீட்டையும் பார்த்தேன். அப்பாவைக் கேட்டேன், முடியாது என்பார் என்று தெரிந்தேதான். நம் இரண்டு பேரையும் முதல் காட்சிக்கு வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "பைத்தியங்களா, பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் இல்லையா? இந்த முறை சட்டையை மாட்டினார். "அவ சீட்டு காலியா இருக்க வேணாம்" என்றார்.

படிக்கட்டில் அவரை முன்னால் விட்டேன். பாதியில் நின்றார். சுவரில் கை வைத்தார். அப்புறம் உட்கார்ந்தார். இரண்டு தொடையையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். யார் சொல்லிக் கொடுத்தது அவருக்கு, உன்னை மாதிரியே தேய்க்க?

நானும் உட்கார்ந்தேன். பையன்கள் எங்களைத் தாண்டி ஓடினார்கள். அப்பா கேட்டார்.

"அவ இங்கதான் உக்காந்தாளா?"

"இந்தப் படிதான்னு நெனைக்கிறேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே."

"தறி வலின்னு சொல்லிச்சேப்பா."

அவர் தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் கிளட்ச் வலின்னுதான் சொல்லிகினு இருக்கறேன்" என்றார்.

உள்ளே நம்மாளு வந்துவிட்டார். சுவர் அதிர்ந்தது. நான் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன். எப்போதும் போல வெறும் காற்று. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாக்க உள்ள மடி. உங்கம்மா மடிப்பா இல்ல, அப்படி."

இத்தனை நாளாக அந்த ஆள் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார் அம்மா. வீடியோவைக்கூடப் பார்க்காத மாதிரிதானே நடித்தார்? எனக்கு ஊதவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. படம் பாதி ஓடிய பிறகு எழுந்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு. மேலே போகவில்லை. கீழே இறங்கினோம். வண்டியில் ஏறும்போது, "நாளைக்கு வேலூர் போலாம்" என்றார்.

மறுநாள் பஸ் பிடித்து, கண்ணமங்கலம் வழியாக வேலூர் போனோம். நெஞ்சு டாக்டர் அம்மாவிடம் வலியைச் சொன்னோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கிறதா, எப்போதிலிருந்து, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். சிறுநீர் காபி மாதிரி கறுத்துப் போனதா என்றும் கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்து, "பொண்ண வெச்சிகினு இன்னாத்துக்கு இதெல்லாம்" என்று முணுமுணுத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "போச்சா, இல்லையா?" என்றார்கள். போகவில்லை.

ரத்தம் எடுத்துத் தசை எவ்வளவு பாதித்திருக்கிறது என்று பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா தானாகவே மாத்திரையை நிறுத்தியதை நான் சொன்னேன்; இன்னும் கொஞ்ச நாள் அப்படியே நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். "இப்போ நிறுத்தறது நான். திருப்பிக் குடுக்கறதும் நான்தான். நீங்களா எதுவும் பண்ணாதீங்க. அடைப்புக்கு இந்த வகை மருந்து உங்களுக்கு வேணும். ஒண்ணு ஒத்துக்கலன்னா வேற இருக்கு, அளவு குறைக்கலாம். வலி வந்த உடனே ஏன் சொல்லல?"

அப்பா தொடையைத் தடவினார். "இது சொன்னா போற வலின்னு தெரியாதுங்க" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன்னைக் கேட்டிருந்தால் நீ சொல்லியிருக்கும் பதில் அது அம்மா. அவர் வாயில் வந்தது.

வெளியே வருவதற்கு முன்னால் நான் உன்னைப் பற்றிக் கேட்டேன். உன் வலியும் மாத்திரையால்தானா, அந்த மாத்திரையா உன்னைக் காய்ச்சலில் தள்ளியது? டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்கள். "காய்ச்சலுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாதம்மா. வலி? இருந்திருக்கலாம். தறி வலியாவும் இருந்திருக்கலாம். அவங்கள பார்க்காம என்னால சொல்ல முடியாது."

அவ்வளவுதான். இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு வேளை தறிதானோ? ஒரு வேளை வேறு ஒரு அட்டையை மாற்றிக் கொடுத்திருந்தால் நீ அந்தப் படியை ஏறியிருப்பாயோ? என்ட்ரியைப் பார்த்திருப்பாயோ? காய்ச்சலில் யார் போவார்கள், யார் இருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு காலைக் காட்சியை மட்டும்தான் கேட்கிறேன்.

இப்போது அப்பாவுக்கு வேறு மாத்திரை, குறைந்த அளவு. வலி முழுசாகப் போகவில்லை. தோளில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். வெந்நீரில் குளிக்கிறார், மெதுவாக நடக்கிறார். நேற்றுச் சாப்பிட்டுவிட்டு, எதையும் பிடிக்காமல் தரையிலிருந்து எழுந்தார். எழுந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் தட்டை எடுத்துக்கொண்டு போனோம். உன் தட்டு அலமாரியில் அப்படியே இருக்கிறது. அப்பா அதைத் தொட்டுவிட்டுத் தன் தட்டைக் கழுவி வைத்தார்.

சரோஜா அக்காவும் முகாமில் மாத்திரை வாங்கியிருக்கிறதாம். எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, "முதல்ல டாக்டர்கிட்ட வா, அப்பால தேய்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். திட்டிக்கொண்டே வருகிறேன் என்றது.

அம்மா, உனக்கு ஒன்று சத்தியம் செய்கிறேன். இனி இந்த வீட்டில் யாருக்கு வலித்தாலும் அதற்கு நாமே ஒரு பெயர் வைத்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டோம். கேட்கிறவர்களிடம் போய்ச் சொல்வோம். அப்பா மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாரா என்று நான் பார்ப்பேன், வலிக்கிறதா என்றும் கேட்பேன். அவர் கால் சரியானதும் ஒரு படத்துக்கு அந்தப் படியை முழுசாக ஏற வைப்பேன். பாதியில் உன் படி வரும்போது இரண்டு பேரும் நிற்போம், வலிக்காவிட்டாலும் நிற்போம். அங்கே உனக்காக ஒரு விசில் அடிப்பேன். அதற்குள் நாக்கை மடிக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறேன். அப்பா சொல்லித் தருகிறார்.

இன்னும் வெறும் காற்றே ஊதிக்கொண்டிருக்கும்,
உன் ஒரே மகள்
பாப்பு