ஹீட்டர் தட்டும் சத்தம்

துலூத், மினசோட்டா
நவம்பர் 12, 1991

அன்புள்ள மார்லிஸ்,

இங்கு நான் நலம். நீயும் உன் அக்கா லொரெய்னும் அரிசோனா வெயிலில் சுகமாக இருப்பீர்கள். இங்கே ஏரிக்காற்று ஆளையே தூக்குகிறது. குளிருக்கு அக்கா வீட்டுக்குப் போன பெண்டாட்டி அடுத்த குளிருக்கும் திரும்பவில்லையே என்று சர்ச்சில் என்னைப் பார்க்கிறார்கள் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

எழுதுவதற்குக் காரணம், வீடு முழுக்கச் சூடு அனுப்புகிற நம் ஹீட்டர். பேஸ்மென்டில் திடீரென்று 'டம்' என்கிறது. பிறகு கப்சிப். சாப்பிட உட்கார்ந்தால் மறுபடி 'டம்'. ரிப்பேர்காரர் ஹார்லன் வந்தார். அவர் இருந்தவரை ஒரு முனகல்கூட இல்லை. "நல்லாத்தானே ஓடுது ஆர்வின்! தனியா இருந்தா இல்லாத சத்தமெல்லாம் கேக்கும்யா" என்று சிரித்து, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் வண்டி தெருமுனை தாண்டியிருக்காது, 'டம்'.

இந்த வீட்டின் சத்தமெல்லாம் உனக்குத்தான் அத்துப்படி. என்னவாக இருக்கும்?

ஆர்வின்


டூசான், அரிசோனா
நவம்பர் 20

அன்புள்ள ஆர்வின்,

நான் வந்த பிறகு நீ எழுதிய முதல் கடிதம் இது. அதுவும் ஹீட்டருக்காக! படித்துவிட்டுச் சிரித்தேன். "என்னடி, நல்ல சேதியா?" என்று லொரெய்ன் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. போன வசந்தத்தில், பனி கரைந்ததும் வா என்று ஒரு வரி எழுதியிருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பேன்.

போகட்டும். ஃபில்டரை மாற்றினாயா? முன்தகட்டின் திருகு ஆடுகிறதா? சத்தம் வருவது உள்ளே தீ பற்றும்போதா, சூடான காற்றை ஊதத் தொடங்கும்போதா? கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள். நீ எதையும் உட்கார்ந்து கேட்டவன் இல்லை, தெரியும். இதையாவது கேள்.

மார்லிஸ்


துலூத்
டிசம்பர் 1

அன்புள்ள மார்லிஸ்,

நீ திட்டியபடியே உட்கார்ந்தேன். ஃபில்டர் புதிது. திருகு இறுக்கமாக இருக்கிறது. தீ சாதுவாகத்தான் பற்றுகிறது. சூடான காற்றை ஊதத் தொடங்கிய பிறகுதான், அதை அறைகளுக்குக் கொண்டுபோகிற தகரக் குழாய் தலைக்கு மேலே 'டம்' என்கிறது. அதுவும் குளிர் கடுமையான நேரத்தில்தான். ஹார்லன் இருந்தவரை வெயில் அடித்தது, அவர் கிளம்பும்போதுதான் குளிர் ஏறியது.

நான் எதையும் தொடவில்லை. ஒற்றை ஆளுக்கு இத்தனை அறை எதற்கு என்று மாடி அறைகளிலும் உன் தையல் அறையிலும், தரையில் சூடு வருகிற துளைகளை மூடிக் கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான்.

ஆர்வின்


டூசான்
டிசம்பர் 9

அன்புள்ள ஆர்வின்,

அவ்வளவுதானா! நம்மூர் ஆண்களுக்கெல்லாம் இதே புத்தி. என் அப்பாவும் இப்படித்தான் அறைகளை மூடிவிட்டு, "வீட்டுல பேய் இருக்குடி" என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று போக வழியில்லாமல் தகரம் புடைத்து அடிக்கிறது. எல்லாத் துளைகளையும் திற.

ஒன்று சொல்கிறேன். நான் வரவே மாட்டேன் என்று நீயாக முடிவுகட்டி என் அறையையும் மூடிவிட்டாய். அது சுருக்கென்று தைத்தது.

சத்தம் நின்றதா என்று எழுது.

மார்லிஸ்


துலூத்
ஜனவரி 14, 1992

அன்புள்ள மார்லிஸ்,

திறந்த அன்றே சத்தம் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸும் போய்விட்டது, நான் எழுதவில்லை. நின்றுவிட்டது என்று எழுதிவிட்டால், அப்புறம் உனக்கு எழுத எனக்கு என்ன இருக்கிறது? அந்தப் பயம்தான்.

வீடு இப்போது ஒரேயடியாக அமைதியாக இருக்கிறது. முந்தாநாள் எல்லாத் துளைகளையும் மறுபடி மூடிவிட்டுக் கீழே போய் உட்கார்ந்தேன். 'டம்' என்றது. வீட்டில் யாரோ இருப்பதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கே வெட்கமாகி, மேலே போய் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

உன் அறைக் கதவையும் இப்போது சாத்துவதில்லை. இன்று காலை உன் தையல் மெஷின்மேல் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இல்லை.

ஹீட்டருக்கு ஒன்றும் இல்லை மார்லிஸ். பனி கரைகிறவரை காத்திருக்காதே. வா.

உன் ஆர்வின்