நீயோ என்று கேட்டவன்

இன்று காலை தொண்ணூறடி ரோட்டில் ஒரு டெம்போ கொதித்து நின்றது. டிரைவர் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திருக, பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. சூட்டோடு ஒரு இனிப்பு வாடை. ரேடியேட்டர் அடைப்பெடுத்தே பிழைத்தவன் நான்; அந்த வாடை எனக்குச் சோற்று வாடை மாதிரி. இன்று அது உன்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். பார்த்தவர்கள், கிழவனுக்கு நாற்றம் தாங்கவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

நீ கல்லூரியில் பாடம் நடத்தியவன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். தாராவியில் ஒரே சால் என்கிற வரிசை வீட்டில் அடுத்தடுத்த கதவுக்காரர்களாக வளர்ந்ததால், உன் பட்டமெல்லாம் நமக்கு நடுவே வரவில்லை. நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவில் உன் ஆராய்ச்சியைப் பற்றித் தமிழில் பேசப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு நாள் என் கடைக்கு வந்தாய்.

"உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்ல. கேளு. சூடான தண்ணி தானா மேல ஏறும். பம்பு வச்சுத் தள்ளுனா அது வேற. ரெண்டும் சேந்து நடந்தா கலப்பு. அந்தத் தண்ணியில கண்ணுக்கே தெரியாத உலோகப் பொடியக் கலந்தா, சூட்டச் சுருக்கா வாங்கிக்கிட்டுப் போவும்."

"ஏல, தண்ணிக்குள்ள கெடக்க பொடியச் சுரண்டி எடுத்துதான் என் வீட்டுல உலை கொதிக்கு. நீ படிச்சுப் படிச்சு உள்ள பொடியப் போடுதியா?"

விழுந்து விழுந்து சிரித்தாய். "இதுக்கு மேல காந்தம் ஒண்ணு இருக்குல. அத மேடையில கேட்டுக்க," என்று எழுந்து போனாய்.

விழாவன்று முதலில் உனக்குத் தமிழ் தடுக்கியது. இங்கிலீஷில் பாடம் நடத்திப் பழகிய வாய். அப்புறம் நன்றாகத்தான் ஓடியது. பொடி கலந்த அந்தத் தண்ணீருக்குப் பேர் சொன்னாய்: "நானோ திரவம்."

என் வாய் சும்மா இருக்குமா? "நீயோ?" என்று ஒரு குரல் விட்டேன்.

கூடம் அதிர்ந்தது. நீயும் சிரித்தாய். அடுத்த முறை நீ "நானோ" என்றதும் பின்வரிசையில் நாலைந்து பேர் "நீயோ?" என்றார்கள். அதற்கும் அடுத்த முறை கூடமே கேட்டது. அந்தச் சொல் இல்லாமல் உன் பேச்சு நகராது. சொன்னால் இவர்கள் விடமாட்டார்கள். சொல்ல வாயெடுத்து, விழுங்கி, மறுபடி வாயெடுத்து, கடைசியில் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டாய். காந்தம் வரவே இல்லை. நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய். "சனம் சிரிச்சுதுல்லா, விடுல," என்றாய். நீ திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, அன்றே தீர்ந்திருக்கும். பிறகு எப்போது காந்தத்தைப் பற்றிக் கேட்டாலும், "அதெல்லாம் எதுக்குல? முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று பேச்சை மாற்றிவிடுவாய். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட நம் சந்துக்காரன் ஒருவன், "யாரு, நீயோ சாரா போயிட்டாரு?" என்று கேட்டான். உன் பேர் அவனுக்குத் தெரியாது. என் நக்கல்தான் தெரிந்திருந்தது.

அப்புறம் செம்பூருக்கு, உன் வீட்டுக்கு, மதினியைப் பார்க்கப் போனேன். உன் பெண்டாட்டி எனக்கு எப்போதும் மதினிதான். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அன்னைக்கு எனக்காவத்தான் தமிழ்ல பேச ஏறுனாக அண்ணாச்சி. 'காலமெல்லாம் அப்படி என்னத்தத்தான் ஆராயுதீக'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். 'சபையில சொல்லுதேன், நீயும் வந்து கேளு'ன்னாக. அதுக்குப் பொறவு கேட்டா, 'தமிழ்ல சொன்னா சிரிப்பாணியால்லா இருக்கு'ன்னுட்டாக."

அந்தக் காந்தத்தை நானே தெரிந்துகொண்டு வந்து அவளுக்குச் சொல்வதென்று, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

உன்னிடம் படித்த மாட்டுங்காப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, ஸ்பூனும் டம்ளருமாகச் சொல்லிக்கொடுத்தாள். "அங்கிள், காந்தம்ங்கறது வெளியில இருந்தே பிரேக் போடற மாதிரி. உள்ள ஃப்ளோ ஸ்லோ ஆகும். சூடு போற வேகமும் அதோட மாறும். எவ்வளவு வச்சா எவ்வளவு அடங்கும்னு பாக்கறதுதான் சாரோட வேலை." வெளியில் இருந்தே என்றதும் என் முகம் போன போக்கைப் பார்த்து, "புரியலையா அங்கிள்?" என்றாள். நன்றாகவே புரிந்தது என்றேன்.

மறுபடி செம்பூர் போனேன். மதினியின் அடுப்பில் இருந்த ரசத்தையும் என் பழைய ரேடியேட்டர்களையும் வைத்துக்கொண்டு, சூடு, பம்பு, பொடி, காந்தம் எல்லாவற்றையும் சொன்னேன். நானோ என்ற அந்தப் பேர் வந்த இடத்தில் உன்னைப் போலவே வாயெடுத்து, விழுங்கி, மறுபடி வாயெடுத்துச் சொல்லிவிட்டேன். மதினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் அடுப்பை அணைத்தாள்.

"இம்புட்டுத்தானா அண்ணாச்சி? எனக்குப் புரியுதே!"

நீ கேட்க வேண்டிய சொல் அது. கேட்டவன் நான்.